களிமண் படித்த அக்கா

ஆறுதல் தேடி யாரும் அந்த அக்காவிடம் போக மாட்டார்கள். எங்கள் தெருவில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

மேற்குத் தாம்பரத்தில் ஏரிப் பக்கமாக உள்ளே போகும் தெரு அது. அக்காவும் அவர் கணவரும் அவர்களுடைய சொந்த வீட்டின் மாடியில் இருந்தார்கள். நான், மனைவி, மகள் மூவரும் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு. குடிபோன புதிதில் ஒருநாள் சாயங்காலம் குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. என் மனைவி படியேறி ஓடினாள்.

"அக்கா, இவ கண்ணே திறக்க மாட்டேங்குறா. ஒண்ணும் ஆகாது இல்லக்கா?"

"தெரியாதும்மா" என்றார் அக்கா. "ஆட்டோ கூப்பிடச் சொல்லு. நானும் வர்றேன்."

கட்டியிருந்த வீட்டுப் புடவையோடு எங்களுடன் ஆட்டோவில் ஏறினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் வரும்வரை குழந்தையின் காலை மடியில் வைத்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். சாதாரண வைரஸ் காய்ச்சல்தான். வீடு திரும்பியபிறகு என் மனைவி முணுமுணுத்தாள்: "ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேய்ஞ்சா போயிடும்?"

"கூடவே வந்தாங்களே."

"அதான் எனக்குப் புரியல" என்றாள்.

எனக்கும் புரிய நாளானது. தனக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்கூட அக்காவால் சொல்ல முடியாது. கல்நெஞ்சம் ஒன்றும் இல்லை. வாயில் வராது, அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் போனால் "நூறு வருஷம் நல்லா இருப்பீங்க" என்று சொல்ல மாட்டார். "நல்லா இருக்கணும்னு ஆசைப்படறேன்" என்பார். என் மனைவி முதல்முறை கொடுத்தனுப்பிய வத்தக்குழம்புக்கு வந்த பதில்: "உப்பு கூட. மத்தபடி எனக்குப் பிடிச்சது." பாத்திரத்தைக் கழுவி, அதில் நாலு கொய்யாப்பழம் போட்டு அனுப்பியிருந்தார். பழத்தோடு ஒரு எச்சரிக்கையும் வந்தது: ஒன்றில் புழு இருக்கலாம்.

அவர் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் பேராசிரியை. டாக்டர் பட்டம் வாங்கியது களிமண்ணில். தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகத்தைக் களிமண் எப்படி இழுத்துத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. தெருவில் 'களிமண்ணு டாக்டர்' என்று ஒரு பெயர் இருந்தது. அவர் கணவரே அதைச் சொல்லிச் சிரிப்பார். நாங்கள் அண்ணா என்று கூப்பிடும் அவர் சைதாப்பேட்டைக்காரர், பாலிடெக்னிக் படித்தவர். திருமுடிவாக்கத்தில் சொந்தமாக ஒரு சின்ன ஷெட் வைத்து, எவர்சில்வர் தொட்டி, குழாய், கைப்பிடி எல்லாம் வெல்டிங் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம தலையில இன்னா கீதோ, அதைத்தான் சார் இவ படிச்சா. அதான் என்னைக் கட்டிக்கினா" என்பார் அண்ணா. அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அதுக்கு ஆதாரம் இல்ல" என்பார்.

தெருவின் தண்ணீர்க் கதை தொடங்கியது நாங்கள் போன மறுவருஷம். அக்கா சும்மா இருக்காமல் எங்கள் போர்வெல் தண்ணீரை எடுத்துப்போய்க் கல்லூரி ஆய்வகத்தில் சோதித்தார். நிக்கல் இருந்தது, இருக்கவேண்டிய அளவுக்கு மேலே. கொஞ்சம் ஈயமும். தெருவுக்குப் பின்னால், முன்பு முலாம் பூசும் பட்டறை ஒன்று இருந்து மூடிப்போன காலிமனை கிடந்தது. எல்லோரும் அதைக் கைகாட்டினார்கள். அக்கா மட்டும், "அங்கிருந்து வந்ததான்னு தெரியாது. தண்ணியில இருக்கு, அது தெரியும்" என்றார்.

வசதி இருந்தவர்கள் கேன் தண்ணீருக்கு மாறிவிட்டோம். தெருக்கோடியில் இருந்த ஏழெட்டுக் குடும்பங்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. அவர்களுக்காகத்தான் அக்கா அந்த வடிகட்டியைச் செய்தார்.

எலெக்ட்ரிக் கடையில் எர்த் குழிக்குப் போட மூட்டையாக விற்பார்களே, பென்டோனைட் என்று ஒரு களிமண், அதுதான் மூலப்பொருள். அப்படியே போட்டால் ஊதிப்போய்த் தண்ணீரையே அடைத்துவிடும். அதனால் மணலோடும் உமியோடும் பிசைந்து, மிளகு மிளகாக உருட்டி, அண்ணாவின் ஷெட்டில் இருந்த அடுப்பில் மிதமான சூட்டில் சுட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் மொட்டைமாடியில் முறத்தை வைத்துக்கொண்டு அதைப் புடைப்பதைப் பார்த்தால் வடகம் போடுகிறார்கள் என்று தோன்றும். தொட்டியை அண்ணா செய்தார். பளபளவென்று, ஆள் உயரத்துக்கு.

அது எப்படி வேலை செய்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"தாம்பரத்துல ரயில் கிளம்பும்போது பார்த்திருக்கீங்களா தம்பி? அத்தனை சீட்டும் காலியா இருக்கும். களிமண் அந்த மாதிரி. ஏடு ஏடா இருக்கும். அந்த ஏட்டுல நெகட்டிவ் சார்ஜ். நிக்கல், ஈயம் எல்லாம் பாசிட்டிவ். வந்து உட்கார்ந்துக்கும். ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற சோடியம் எழுந்து இடம் விட்டுடும்."

"எல்லாம் போயிடுமாக்கா?"

"பல்லாவரம் வர்றதுக்குள்ள சீட்டு இருக்குமா? நம்ம தண்ணி உப்புத்தண்ணி. கால்சியம் கூட்டம் கூட்டமா வந்து அதுவும் சீட்டுக்கு அடிச்சுக்கும். இடம் முடிஞ்சா நிக்கல் அது பாட்டுக்கு நேரா டம்ளருக்கு வந்துடும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. ருசியும் மாறாது. அதுதான் எனக்குப் பயம்."

திறப்புவிழாவுக்குக் கவுன்சிலர் வந்தார். ஷாமியானா, மைக், மாலை எல்லாம் இருந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர். மைக்கை அக்காவிடம் கொடுத்து, "மேடம், இனிமே இந்தத் தண்ணி நூத்துக்கு நூறு பாதுகாப்பானதுன்னு ஜனங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

அக்கா மைக்கை வாங்கிக்கொண்டார். "இன்னைக்குக் காலையில எடுத்த தண்ணியில நிக்கலும் ஈயமும் இல்ல. குரோமியம் இருந்தா இந்தக் களிமண் பிடிக்காது, ஏன்னா அதுவும் தண்ணியில நெகட்டிவ்வாதான் இருக்கும், களிமண் தள்ளி விட்டுடும். நம்ம தண்ணியில இப்போதைக்கு அது இல்ல. கிருமி இதுல போகாது, காய்ச்சித்தான் குடிக்கணும். நாளைக்கு எப்படி இருக்கும்னு நாளைக்குப் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்று சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

யாரும் கைதட்டவில்லை. கவுன்சிலர் வாட்சைப் பார்த்தார். பின்வரிசையில் இருந்து அண்ணா மட்டும் பலமாகத் தட்டினார்.

நாலைந்து மாதம் நன்றாக ஓடியது. வாரா வாரம் அக்கா பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவார். ஒரு வாரம் திரும்பி வந்தவர் கைப்பையைக்கூட இறக்காமல் நேராகத் தெருக்கோடிக்குப் போய்க் குழாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டார். களிமண் நிரம்பிவிட்டது, நிக்கல் கசிய ஆரம்பித்துவிட்டது.

தெரு கூடிவிட்டது. முன்னால் நின்றது, கோவளத்தில் இருந்து மீன் எடுத்துவந்து சந்தையில் விற்கும் அம்மா.

"இன்னாம்மா இது? நீயே குடுப்ப, நீயே புடுங்குவியா?"

"புது மண்ணு மாத்தணும்மா. அதுவரைக்கும் குடிக்காதீங்க."

"இத்தினி நாளா குடிச்சோமே? என் பொண்ணு மாசமா கீறா. அவளும் இதைத்தான் குடிச்சா. வவுத்துல கீற புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லு."

அக்கா நின்றார். சுற்றிலும் எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செயலாளர் பின்னால் இருந்து மெதுவாக, "சொல்லிடுங்க மேடம்" என்றார்.

"போன வாரம் வரைக்கும் நல்லா இருந்தது. இந்த ஒரு வாரம் கொஞ்சம் வந்திருக்கு. ரொம்பக் கம்மிதான். குழந்தைக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் நினைக்கிறேன். உறுதியா எனக்குத் தெரியாது."

அந்த அம்மா கீழே துப்பிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாளில் இருந்து அக்கா கல்லூரி கிளம்புவதற்கு முன்னால் ஒரு கேன் தண்ணீரை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டுபோய், அந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வருவார். கதவைத் தட்ட மாட்டார். பிரசவம் ஆகும்வரைக்கும் அது நடந்தது. பெண் குழந்தை, நல்ல எடை. செய்தியை என் மனைவிதான் மாடிக்குக் கொண்டுபோனாள். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாராம். பிறகு, "விரலெல்லாம் சரியா இருக்கா, பார்த்தியா?" என்று மட்டும் கேட்டாராம்.

அந்தப் பழைய களிமண்ணை என்ன செய்வது என்பதில் இன்னொரு சண்டை. ஏரிக்கரையில் கொட்டிவிடலாம் என்றார்கள். "நிக்கல் அழிஞ்சு போகல. களிமண் பிடிச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான். புளிப்பான தண்ணி பட்டா விட்டுடும்" என்று அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணாதான் அதைச் சிமெண்டில் கலந்து கல் கல்லாக வார்த்து, மாடிப்படிக்குக் கீழே அடுக்கினார். "சார், எங்க வூட்ல மட்டும்தான் படிக்கட்டுக்குக் கீழ நிக்கல் சுரங்கம் கீது" என்பார்.

அண்ணாவுக்கு இருமல் வந்தது அதற்கு அடுத்த வருஷம். முதலில் தூசி என்றார், பிறகு பனி என்றார். அக்காதான் பிடிவாதமாக ஸ்கேனுக்கு அழைத்துப்போனார். நுரையீரலில் கட்டி.

எவர்சில்வரை வெல்டிங் செய்யும்போது எழும் புகையிலும் அதே நிக்கல்தான், குரோமியம்தான். அக்காவுக்கு அது முன்னாலேயே தெரியும். கல்யாணமான நாளில் இருந்து மாஸ்க் போடச் சொல்லிச் சண்டை. "ஷெட்ல வேர்த்துக் கொட்டுது, அதை மாட்டிக்கினு மூச்சு விட முடியாது" என்று அண்ணா கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். நடுவில் பல வருஷம் சிகரெட்டும் இருந்தது.

உறவுக்காரர்கள் எல்லோரும் அக்காவிடம்தான் கேட்டார்கள். "வெல்டிங் புகையாலதானே?"

"இருக்கலாம். இவருக்கு அதனாலதான் வந்ததுன்னு சொல்ல முடியாது."

"நல்லாயிடுவான் இல்ல?" இது அண்ணாவின் அக்கா.

"இந்த மருந்துக்குக் கொஞ்சம் பேருக்குக் குறையுது அண்ணி. இவருக்கு எப்படின்னு ரெண்டு மாசம் போனாத்தான் தெரியும்."

"கட்டின புருஷனுக்குக்கூடவா இப்படி அளந்து பேசுவ?" என்று அந்த அம்மாள் வாய்விட்டு அழுதார். அக்கா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனார். துணி எடுக்கப் போன நான் பார்த்தேன். அண்ணாவின் வேலைச்சட்டை கொடியில் கிடந்தது. அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"தண்ணியில இருக்கிறதைத் தேடிட்டே இருந்தேன் தம்பி" என்றார். "இந்தச் சட்டையைத்தான் தினம் தோய்ச்சேன்."

அவர் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

அண்ணாவுக்கு மட்டும் அந்த அளந்த பேச்சுதான் பிடித்தது. ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும் அக்காவிடம் கேட்பார், "இன்னா, சரியாயிடுமா?" அக்கா உள்ளதைச் சொல்வார். குறைந்திருந்தால் குறைந்திருக்கிறது, வளர்ந்திருந்தால் வளர்ந்திருக்கிறது. "மத்தவன்லாம் எனக்குக் கதை வுடறான் சார். இவ ஒருத்திதான் ஆளா மதிச்சுப் பேசறா" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

கடைசி ஸ்கேனுக்கு என் காரில்தான் போனோம். ரிசல்ட் வந்ததும் டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். அக்கா என்னையும் வரச்சொன்னார். ஈரலுக்கும் பரவிவிட்டது, இனி மருந்து கொடுத்துப் பயனில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போய் வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மாதக்கணக்கு இல்லை, வாரக்கணக்குதான் என்றார். அக்கா வலி மருந்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். சரி என்று எழுந்தார். "நீங்க அவர்கிட்ட இருங்க. நான் மருந்து வாங்கிட்டு வர்றேன்" என்று என்னை வார்டுக்கு அனுப்பினார்.

நான் போய் உட்கார்ந்த கொஞ்சநேரத்தில் ஒரு சின்ன வயசு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். அண்ணா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர், என் சம்சாரம் வெளிய போய்க்கீறா. நேராச் சொல்லு. முடிஞ்சுபோச்சா?" அந்தப் பையனுக்கு மறைக்கத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "கஷ்டம்தான் சார்" என்றான்.

அவன் போனதும் அண்ணா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தோள் குலுங்கியது. கொஞ்சநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"சார், எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியக்கூடாது. அவ மூஞ்சியைப் பாத்துக்கினே என்னால சாவ முடியாது. சத்தியம் பண்ணு."

"சரிண்ணா."

"நான் வழக்கம்போலக் கேப்பேன். கேக்கலன்னா கண்டுபுடிச்சுடுவா."

அக்கா மருந்துப் பையோடு வந்தார். முகம் கழுவியிருந்தது. அண்ணா சிரித்துக்கொண்டே கேட்டார், "இன்னா மேடம், சரியாயிடுமா?"

அக்கா பையைக் கட்டிலின் மேல் வைத்தார். மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார்.

"தெரியாதுங்க" என்றார்.

"பாத்தியா சார்!" அண்ணா என் தொடையில் தட்டினார். "இவ வாயாலயே தெரியாதுன்னு வருது. அப்போ சான்ஸ் கீது!"

நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அதன்பிறகு மாடியில் இருந்து பேச்சுக்குரல் கேட்டபடியே இருக்கும். புதுத் தொட்டிக்கு வாய் அகலமாக வைப்பதா, குறுகலாக வைப்பதா என்று அண்ணா மூச்சு வாங்கி வாங்கிப் பேசுவார். இந்தமுறை களிமண்ணோடு இரும்பைச் சேர்த்தால் குரோமியத்தையும் பிடிக்கும் என்று அக்கா சொல்வார். பொங்கலுக்குள் முடித்துவிடலாம் என்பார் அண்ணா. முடித்துவிடலாம் என்பார் அக்கா. கீழே நானும் என் மனைவியும் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

தீபாவளிக்கு முன்னால் அண்ணா போய்விட்டார்.

தெருவுக்குக் குழாயில் குடிநீர் வந்தது. தொட்டி துருப்பிடிக்காமல், யாருக்கும் வேண்டாமல் நின்றது. அக்கா வீட்டை விற்றார். பார்க்க வந்தவர்களை முதலில் மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போய், அந்தச் சிமெண்ட் கற்களில் என்ன இருக்கிறது என்று விளக்கினார். இரண்டு பேர் ஓடிப்போனார்கள். மூன்றாமவர் வாங்கினார். கற்களை அக்கா முறைப்படி கழிவு எடுக்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். பிறகு ஊரப்பாக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குப் போனார். நாங்கள் கேளம்பாக்கத்துக்கு மாறினோம்.

போன வருஷம் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததைச் சொல்ல ஊரப்பாக்கம் போனேன். அக்காவுக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது. காபி கொடுத்தார். மகள் என்ன படிக்கப்போகிறாள், நான் எப்போது ரிட்டயர் ஆகிறேன் என்று விசாரித்தார். பிறகு காலி டம்ளர்களை ஓரமாக வைத்தார்.

"தம்பி, நான் அவர்கிட்ட ஒரு பொய் சொன்னேன். உங்களுக்குத் தெரியும், நீங்க இருந்தீங்க."

"ஆமாக்கா."

"அவர் அதை நம்பிட்டார். நான் சொன்னா சரியா இருக்கும்னு ஒரு நம்பிக்கை அவருக்கு. அதை வச்சே ஏமாத்திட்டேன். ஏமாந்துபோய்ச் செத்தார். அதுதான் எனக்கு உள்ளேயே நிக்குது."

நான் அண்ணாவுக்குக் கொடுத்த வாக்கை நினைத்தேன். எதிரே இருந்தவர், வாழ்நாள் முழுக்க ஒருவருக்கும் உள்ளதை மறைக்காதவர். அவரிடம் இதை மறைத்து வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சொன்னேன். அந்தச் சின்ன டாக்டர், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தது, சத்தியம், சிரித்துக்கொண்டே கேட்டது, எல்லாம்.

அக்கா அசையாமல் கேட்டார். ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சல் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. மனசில் இருந்த பாரம் அவருக்கு இறங்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"அழுதாரா?"

"அழுதார்க்கா."

"அப்போ அத்தனை நாளும் தனியாத்தான் பயந்திருக்கார்" என்றார் அக்கா. "நான் பக்கத்துலயே உட்கார்ந்து தொட்டியைப் பத்திப் பேசிட்டு இருந்தேன். எனக்கும் பயமாத்தான் இருந்தது. ராத்திரி அவர் தூங்கறார்னு நினைச்சுப் பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன்."

புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"ஒருநாளாவது ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம் தம்பி."